மழலை தாமதிக்குமிடத்து: உணவும் சிகிச்சையும் அளக்கும் முறை

குழந்தை தன் முதற்சொல்லைக் கூறும் நாள் ஓர் இல்லத்துக்குத் திருநாளாகும். அந்நாள் உரிய காலத்தில் வாராவிடின் அவ்வில்லத்திற் கவலை குடிபுகும். கவலை புகுந்த வீட்டில் அறிவுரையும் தானே வந்து புகும். அம்மம்மா வசம்பைச் சுட்டு உரைத்து நாவிலே தடவச் சொல்வார். அயலவர் ஒருவர் நாவின் கீழுள்ள நரம்பு தடித்திருக்கிறதென்றும் அதனை வெட்டுவித்தாற் பேச்சு வருமென்றும் கூறுவார். கனடாவிலிருந்து தொலைபேசியிற் பேசும் சித்தப்பா பாலையும் கோதுமை மாவையும் உடனே நிறுத்தும்படி வற்புறுத்துவார். ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும், பொறுத்திருங்கள் என்பார் இன்னொருவர். கூறுவோர் யாவரும் அன்புடையோரே. எனினும், அன்பினாற் கூறப்பட்டது என்பதனால் மட்டும் ஒரு கூற்று உண்மையாகிவிடாது. இவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, எதனை முதலிற் செய்வது என அளந்து காணும் முறையினை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் பற்றிப் பேசுமிடத்துச் சைவ மக்களுக்குக் குமரகுருபர சுவாமிகளின் வரலாறு நினைவுக்கு வருதல் இயல்பு. 17 ஆம் நூற்றாண்டில் திருவைகுண்டத்தில் வாழ்ந்த குடும்பமொன்றிற் பிறந்த அவர் ஐந்தாண்டு நிரம்பும்வரை வாய்பேசாதிருந்தாரென்றும், திருச்செந்தூர் முருகன் சந்நிதியிற் பேசும் ஆற்றல் பெற்றுக் கந்தர் கலிவெண்பாவைப் பாடினாரென்றும் மரபு கூறும். அவ்வரலாறு திருவருளின் பெருமையை உணர்த்த எழுந்ததேயன்றி, எல்லாப் பிள்ளைகளும் ஐந்து வயதுவரை காத்திருக்கலாம் என்பதற்கு விதியாக எழுந்ததன்று. வேண்டுதலும் வைத்தியமும் ஒன்றற்கொன்று பகையல்ல. நல்லூரில் நேர்த்திவைத்த தாய் அதே கிழமையிற் பிள்ளையைச் செவிப்புலப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதை எந்நூலும் விலக்கவில்லை.

இனி, தாமதம் என்பது யாது என நோக்குவாம். பேச்சு ஒரு நாளிலே நாவில் வந்து அமர்வதன்று. அது படிப்படியாக எழும் கட்டடம் போன்றது. நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியை நுணுகி நோக்கியவர் என்பதற்குப் பிள்ளைத்தமிழின் பருவப் பகுப்பே சான்றாகும். ஐந்தாம் மாதத்திற் செங்கீரை, ஒன்பதாம் மாதத்திற் சப்பாணி, பதின்மூன்றாம் மாதத்தில் வாரானை, பதினைந்தாம் மாதத்தில் அம்புலி எனப் பாட்டியலார் நிரல் வகுத்தனர். இக்காலக் குழந்தை வளர்ச்சி நூலார் கூறுவதும் இந்நிரலுக்கு அயலானதன்று. பிறர் கை கொட்டுவதைக் கண்டு தானும் கொட்டுதல் பின்பற்றும் ஆற்றலைக் காட்டும். வா என்றழைத்தவுடன் திரும்பி வருதல் சொல்லின் பொருள் விளங்கியதைக் காட்டும். அம்புலியைக் காட்டும் தாயின் விரலைத் தொடர்ந்து குழந்தை வானத்தை நோக்குகிறது. பின்னர் தாயின் முகத்தை நோக்குகிறது. ஒரு பொருளை இருவர் கூடி நோக்கும் இச்செயலே சொல்லுக்கு அடித்தளம் என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஆதலின், ஒரு குழந்தை எத்தனை சொற்கள் கூறுகிறது என்று எண்ணுவதற்கு முன், அது விரலாற் சுட்டிக் காட்டுகிறதா, பெயர் சொல்லி அழைத்தாற் திரும்புகிறதா, கண்ணோடு கண் நோக்குகிறதா என்று காணுதல் வேண்டும்.

பொதுவாக, ஒரு வயதளவில் முதற்சொல் தோன்றும். இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்களும், 'அம்மா வா', 'பால் தா' என்றாற்போல இருசொற் சேர்க்கையும் அமைதல் வேண்டும். மூன்று வயதிற் பிறரும் பெரும்பாலும் விளங்கிக்கொள்ளத்தக்க பேச்சு அமையும். ஒரு வயதாகியும் ஒலிகூட்டிப் பிதற்றாமையும் சைகை காட்டாமையும், ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லேனும் கூறாமையும், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்க்காமையும் காத்திராது வைத்தியரிடம் காட்டவேண்டிய குறிகளாம். முன்னர்க் கூறிய சொற்களை எவ்வயதிலேனும் இழத்தல் இவை எல்லாவற்றினும் அவசரமான குறியாகும். ரகர, றகர, ளகர, ழகர ஒலிகள் பிந்தித் திருந்துவது வேறு. சொல்லே வாராமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குதலாகாது.

நோயையும் அதன் காரணத்தையும் நாடியபின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் காட்டும் முறை. பேச்சுத் தாமதத்தில் இம்முறை பெரிதும் பிறழ்ந்து நிகழ்கிறது. ஏனெனில், தாமதம் ஒரு நோயன்று. பல காரணங்களாற் தோன்றும் ஓர் அறிகுறி. அக்காரணங்களுள் முதலில் ஆராயத்தக்கது செவி. கேளாத சொல்லைக் குழந்தை கூறமாட்டாது. முற்றாகச் செவிடான பிள்ளையைப் பெற்றோர் விரைவில் அறிவர். ஓரளவு மட்டும் கேட்கும் பிள்ளையை அறிதல் அரிது. கதவு அடிபடும் ஓசைக்குத் திரும்புகிறதே, தொலைக்காட்சிக்கு ஆடுகிறதே என்று ஆறுதலடைவர். ஆனால் சொற்களைப் பிரித்தறிய உதவும் மெல்லிய ஒலிகள் அப்பிள்ளைக்குக் கேளாதிருக்கலாம். அடிக்கடி தடிமன் பிடிக்கும் பிள்ளைகளின் நடுச்செவியில் நீர் தங்கிக் கேள்வியைக் குறைப்பதும் உண்டு. எனவே, வீட்டிற் கைதட்டிப் பார்த்தல் பரிசோதனையாகாது. சின்னஞ்சிறு குழந்தைக்கும் கருவிகொண்டு செவிப்புலனை அளக்கும் முறைகள் இன்று உள. அதனைச் செய்வித்தலே முதற்கடன்.

செவி குறையற்றதாயின் வேறு காரணங்கள் நோக்கப்படும். அறிவு வளர்ச்சி பொதுவாகவே தாமதித்திருக்கலாம். பிறரோடு பழகும் முறையிலும் விளையாட்டிலும் வேறுபாடு காட்டும் ஓட்டிசம் என்னும் நிலையாக இருக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் சேர்ந்தோரும் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளிடையே செய்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 93 பிள்ளைகளுக்கு ஒருவர் இந்நிலையினராகக் காணப்பட்டனர். ஆகவே இது மேல்நாட்டார்க்கே உரிய புதுமையன்று. பிற வளர்ச்சியெல்லாம் செவ்வையாக அமைந்தும் மொழி மட்டும் பின்னடையும் பிள்ளைகளும் உளர்; ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள் இருப்பின் ஏறத்தாழ இருவரிடம் இத்தகைய மொழிக்குறை இருக்கக்கூடும் என்பது இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளின் முடிபு. மறுபுறம், நாவின் கீழுள்ள இழை தடித்திருத்தல் சில குழந்தைகளுக்குப் பாலருந்துதலை இடர்ப்படுத்துமேயன்றிப் பேச்சுத் தோன்றாமைக்குக் காரணமாகாது. வீட்டில் இரு மொழி வழங்குதலும் காரணமன்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பெற்றோர் பிள்ளை பேசவேண்டுமென்று தமிழைக் கைவிடுதல் வேண்டாத இழப்பேயாம்.

காரணம் அறிந்தபின் எழும் வினா, எச்சிகிச்சையை நம்புவது என்பது. ஈண்டு நமது தத்துவ நூல்கள் பயிற்றிய அளவை நமக்குத் துணையாகும். அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரை அளவையொடு தொடங்கி, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் ஏனைய அளவைகளை அடக்குவர். பொருளை அறியுமுன் அறியும் கருவியைச் செப்பஞ்செய்தல் வேண்டும் என்பதே அம்முறையின் கருத்து. குழந்தையின் மருந்துக்கும் இம்மூன்றையும் பொருத்திப் பார்ப்பாம்.

முதலாவது காண்டல். நான் கண்டேன், மருந்து கொடுத்தபின் பிள்ளை திருந்தினான் என்பது பெற்றோர் கூற்று. காண்டலும் விருப்பத்தினால் நிறம் மாறும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1998 ஆம் ஆண்டு அமெரிக்காவில், குடலுடன் தொடர்புடைய செக்கிரீற்றின் என்னும் சுரப்பை ஊசிமூலம் பெற்ற மூன்று ஓட்டிசப் பிள்ளைகளிடம் பேச்சும் பழக்கமும் முன்னேறின என்ற செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெற்றோர் அதனை நாடினர். 1999 இல் 60 பிள்ளைகளை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்குச் செக்கிரீற்றினும் மறு குழுவுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினர். எவர்க்கு எது கிடைத்தது என்பதைப் பெற்றோரும் அறியார், மதிப்பிட்டோரும் அறியார். முடிவில் இரு குழுவினரும் ஓரளவு முன்னேறினர். உப்புநீர் பெற்றோர் எவ்வாற்றானும் பின்தங்கவில்லை. இம்முடிபைக் கேட்டறிந்த பின்னரும் பெற்றோருள் நூற்றுக்கு 69 பேர் அம்மருந்தில் நாட்டம் நீங்கவில்லை என்றனர். பின்னர் 900 க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்யப்பட்ட 16 சோதனைகளும் ஒருங்கே நோக்கப்பட்டுப் பயனில்லை என்றே முடிவாயிற்று. பெற்றோர் பொய் கூறினர் அல்லர். நம்பிக்கையோடு நோக்கும் கண் சிறு மாற்றத்தையும் பெரிதாகக் காணும் என்பதே இதன் பொருள்.

இரண்டாவது கருதல். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்னும் பழமொழியைப் பனைவளம் மிக்க இக்குடாநாட்டில் அறியாதார் இலர். வடநூலார் இதனைக் காகதாலிய நியாயம் என்பர். காகம் அமர்ந்தமையாலேயே பழம் விழுந்தது என்று கருதுவோன், பழம் ஏற்கெனவே கனிந்திருந்ததை மறக்கிறான். இரண்டு வயதிற் பேச்சுப் பிந்தும் குழந்தைகள் பத்துப்பேரில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர். பிற குறை எதுவுமின்றிப் பேச்சு மட்டும் பிந்திய இவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எம்மருந்துமின்றியே ஏனையோரை எட்டிவிடுகின்றனர். அவ்வேளையில் வசம்பு தடவியிருந்தால் வசம்பும், பால் நிறுத்தியிருந்தாற் பத்தியமும் புகழ்பெறும். எட்டாது எஞ்சிய பிள்ளைகளின் பெற்றோர் தம் அனுபவத்தைப் பிறர்க்கு எடுத்துக் கூறுவதில்லை. இவ்வாறு வெற்றிகள் மட்டுமே செவியில் விழ, மருந்து கைகண்டதாகத் தோற்றுகிறது. ஒப்பிட்டு நோக்கும் மறுகுழு இல்லாத சோதனை இக்காரணத்தாலேயே வலிமை குன்றும்.

ஆயின் எல்லாரும் காத்திருக்கலாமே என்று ஒருவர் வினாவலாம். எப்பிள்ளை தானே எட்டும், எப்பிள்ளை எட்டாது என்பதை இரண்டு வயதில் எவரும் உறுதியாகக் கூறவல்லார் அல்லர். செவிப்புலன் குறைந்த பிள்ளைக்குக் காத்திருந்த ஒவ்வொரு மாதமும் மொழி புகாத மாதமாகும். எனவே அச்சமும் வேண்டா, அசட்டையும் ஆகாது. பரிசோதித்துக்கொண்டே காத்திருத்தல் அறிவுடையோர் வழி.

மூன்றாவது உரை. நம்பத்தக்கோன் மொழியே உரை அளவையாகும். அச்சிடப்பட்டது என்பதனாலோ, வைத்தியர் ஒருவர் கூறினார் என்பதனாலோ மட்டும் ஒன்று அளவையாகாது. 1998 இல் இலண்டனில் வெளிவரும் புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்று, 12 பிள்ளைகளைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டது. சின்னமுத்து முதலிய நோய்களுக்கான தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்புண்டு என்ற ஐயத்தை அது கிளப்பியது. பல நாடுகளில் பல இலட்சம் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகள் அத்தொடர்பை மறுத்தன. 2010 இல் அவ்வேடு தானே அக்கட்டுரையை மீளப்பெற்றது. இடையிலுள்ள 12 ஆண்டுகளில் அச்சத்தால் ஊசி போடாது விட்டோர் பலர். ஆகவே, ஒரே ஓர் ஆய்வைக் காட்டி ஒருவர் வற்புறுத்துவாராயின், அதனைப் பிறர் திருப்பிச் செய்து பார்த்தனரா என்று வினாவுதல் வேண்டும்.

இவ்வளவைகளைக் கொண்டு உணவுப் பத்தியத்தை ஆராய்வாம். இன்று பெரிதும் பேசப்படுவது கோதுமையிலுள்ள குளூட்டனையும் பாலிலுள்ள கேசீனையும் விலக்கும் உணவு. இவ்விரு புரதங்களும் குடலில் முற்றாகச் செரியாது, அபினியை ஒத்த சிறு கூறுகளாகி மூளையைத் தாக்குகின்றன என்பது இதன் அடிப்படைக் கருத்து. 1979 அளவில் எழுந்த இக்கருதுகோள் கேட்பதற்குப் பொருத்தமானதே. ஆனால் அக்கூறுகள் உண்மையில் உளவா என்று 2008 இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு, ஓட்டிசமுடைய 65 ஆண்பிள்ளைகளின் சிறுநீரிற் தேடியபொழுது அவை காணப்படவில்லை. 2016 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று மிக நுணுக்கமானது. மூன்று முதல் ஐந்து வயது வரையான 14 பிள்ளைகள் உணவியலாளரின் கண்காணிப்பில் இப்பத்தியத்தை உண்டனர். பின்னர் குளூட்டன் அடங்கிய உணவும், கேசீன் அடங்கியதும், இரண்டும் அடங்கியதும், எதுவும் அடங்காததும் வேறுபாடு தெரியாவண்ணம் மாறிமாறி அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. பழக்கத்திலோ உறக்கத்திலோ மலம் கழிதலிலோ வேறுபாடு தோன்றவில்லை. பிள்ளைகளின் தொகை சிறிதாதலின் இதுவே இறுதி முடிபு என்று கூறுதல் இயலாது. ஆயினும், பயனுண்டு என்று நிறுவும் பொறுப்புப் பத்தியத்தை விதிப்போர்க்கே உரியது. அதனை அவர்கள் இன்றுவரை நிறைவேற்றவில்லை.

தீங்கில்லையே, செய்து பார்த்தால் என்ன என்பது அடுத்த வாதம். எமது நாட்டு உணவை நோக்கின் இதற்கு விடை கிடைக்கும். கோதுமையை நீக்குதல் யாழ்ப்பாணத்தில் அத்துணைக் கடினமன்று. சோறு, அரிசிமா இடியப்பம், அரிசிமாப் பிட்டு, குரக்கன், உழுந்து, பயறு, ஒடியல் என்பன இயல்பாகவே குளூட்டன் அற்றவை. பாண், பிஸ்கற்று, கோதுமைமா கலந்த பிட்டு, வாற்கோதுமையில் ஆக்கிய மா வகைகள் என்பவற்றை மட்டும் விலக்கவேண்டிவரும். அவற்றுட் பல, குறிப்பாகச் சீனி மிக்க பிஸ்கற்று, குறைந்தால் நன்மையே. ஆனால் பால் விலக்கின் நிலை வேறு. மரக்கறி உணவே உண்ணும் சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கு மீனும் முட்டையும் இல்லை. அப்பிள்ளையின் புரதத்துக்கும் கல்சியத்துக்கும் பெருந்துணை பாலும் தயிருமே. விற்றமின் பீ12 தாவர உணவுகளில் இல்லை; அத்தகைய வீட்டில் அது பாலின் வழியாகவே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த விற்றமின் குறைந்தால் இரத்தச் சோகை மட்டுமன்றி மூளை வளர்ச்சியிலும் பின்னடைவு நேரும். பேச்சு வருதற்பொருட்டு எடுத்த பத்தியமே பேச்சுக்கு வேண்டிய போசணையைப் பறித்துவிடக்கூடும் என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. 2008 இல் அமெரிக்காவில் 75 ஓட்டிசப் பிள்ளைகளின் கையெலும்பை அளந்த ஆய்வில், பொதுவாகவே எலும்பின் தடிப்புக் குறைந்திருந்தது. பாலை விலக்கியோரிடம் அக்குறை மேலும் மிகுந்திருந்தது. இந்நிலைப் பிள்ளைகள் பலர் முன்னரே சில உணவுகளை மட்டும் உண்பவர்கள். உண்ணும் சிலவற்றுள்ளும் இரண்டைப் பறித்தால் எஞ்சுவது யாது?

இதனால் உணவுக்கும் பிள்ளை வளர்ச்சிக்கும் தொடர்பில்லை என்று கொள்ளற்க. இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவோ தைரொயிட்டுச் சுரப்பின் குறைவோ தெரியவரின் அதனை உடனே ஈடுசெய்தல் வேண்டும். கோதுமையால் உண்மையாகவே குடல்நோய் வரும் பிள்ளைக்கும், பால் ஒவ்வாமை உறுதியான பிள்ளைக்கும் விலக்கு மருந்தேயாகும். மலச்சிக்கலும் வயிற்றுவலியும் நீங்கினாற் பிள்ளையின் எரிச்சல் தணியும். தணிந்த பிள்ளை பயிற்சிக்கு இணங்கும். மருந்தாகத் தரப்படும் விற்றமின்களுள் போலினிக்கமிலம் ஒன்று இக்காலத்தில் ஆராயப்பட்டு வருகிறது. 48 பிள்ளைகளுக்கு 12 கிழமைகள் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையிற் சிலரிடம் சொல்லாற்றல் முன்னேறியது. பெரிய சோதனைகளால் அது உறுதிப்படவேண்டும். வைத்தியர் கண்காணிப்பின்றித் தாமே வாங்கிக் கொடுக்கும் பொருளன்று அது. சுருங்கக் கூறின், குறை கண்ட இடத்து உணவைத் திருத்துக. குறை காணாத இடத்து உணவைக் குறைக்கற்க.

நாட்டு மருந்துகளைப் பற்றியும் கூறவேண்டும். செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்து அரசர் காலச் செல்வங்கள். பின்னையதிற் பாலரோகம் தனியே ஆராயப்படுகிறது. கைதடியில் 1984 இல் தொடங்கிய பல்கலைக்கழகச் சித்த மருத்துவக் கல்வி அம்மரபைத் தாங்கி நிற்கிறது. அம்மரபைப் போற்றுவோரே, வீட்டில் அளவறியாது கொடுப்பதையும் வைத்தியர் நோயறிந்து கொடுப்பதையும் வேறுபடுத்த வேண்டியோர் ஆவர். வசம்பு பேச்சை வருவிக்கும் என்பது ஒப்பிட்டு நோக்கும் சோதனையால் நிறுவப்பட்டதன்று. சிலவகை வசம்பிலுள்ள பீற்றா அசரோன் என்னும் பொருள் எலிகளிற் புற்றுநோயை விளைவித்தமையால் அமெரிக்காவில் 1968 இல் வசம்பு உணவிற் சேர்த்தல் தடைசெய்யப்பட்டது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தொட்டு வைத்தல் அரிதாயினும் உயிருக்கு இடர்தரும் நச்சுநோயை வருவிக்கக்கூடும். பற்பம், செந்தூரம் என்பவற்றுட் சிலவற்றில் ஈயமும் இரசமும் சேர்தல் உண்டு. ஈயம் வளரும் மூளைக்குப் பகை என்பதில் ஐயமில்லை. ஆதலின் உள்ளடக்கம் அறியாத மருந்தைச் சிறு குழந்தைக்குக் கொடாதிருத்தலே நன்று.

மேல்நாட்டு முறையென்று விற்கப்படுபவற்றுள்ளும் கொடியன உள. உடலிலுள்ள உலோகங்களைக் கழுவி வெளியேற்றுவதாகக் கூறி ஊசிமூலம் செய்யும் சிகிச்சையின்போது, 2005 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இரத்தத்திற் கல்சியம் வீழ்ந்து உயிர்நீத்தது. இந்தியாவின் பெருநகரங்களிற் பெரும்பொருள் பெற்றுச் செய்யப்படும் மூலவுயிரணுச் சிகிச்சையை, அந்நாட்டுத் தேசிய மருத்துவ ஆணைக்குழுவின் ஒழுக்கநெறிச் சபை 2022 இல் ஓட்டிசத்துக்கு ஏற்றதன்று என அறிவித்தது. காணி ஈடுவைத்துக் கடல் கடந்து செல்ல எண்ணும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

ஆயின் பயன்தருவது யாது? செவிக்குறையுள்ள பிள்ளைக்குச் செவிக்கருவியும் உரிய கல்வியும்; ஏனையோர்க்குப் பேச்சு மொழிப் பயிற்சியும், அதனை அன்றாடம் வீட்டிலே தொடரும் பெற்றோரும் என்பது விடை. பெற்றோரைப் பயிற்றிப் பிள்ளையின் மொழியை வளர்க்கும் முறைபற்றிய 18 ஆய்வுகளை 2011 இல் ஒருங்கு நோக்கியோர், பிள்ளைகளின் சொல்லும் விளக்கமும் முன்னேறின எனக் கண்டனர். எமது சூழலுக்கு அண்மையான சான்றும் உண்டு. கோவாவிலும் பாகித்தானின் இராவல்பிண்டியிலும் ஓட்டிசமுடைய 65 பிள்ளைகளிடம் நடந்த சோதனையில், சிறப்பு வைத்தியர் அல்லாத பயிற்றப்பட்ட சுகாதாரப் பணியாளர் பெற்றோருக்கு வழிகாட்டினர். 2016 இல் வெளிவந்த அதன் முடிபின்படி, பெற்றோர் பிள்ளையின் நோக்குக்கு இசைந்து நடப்பதும், பிள்ளை தானே முன்வந்து தொடர்புகொள்வதும் பெருகின. பேச்சு உடனே பொழிந்தது என்று அவர்கள் கூறவில்லை. பொழியும் என்று வாக்களிப்போரிலும் இவ்வாறு அளந்து கூறுவோரே நம்பத்தக்கோர்.

இம்முறையில் வீட்டிற் செய்யவேண்டுவன எளியன, ஆனால் இடையறாதன. பிள்ளையின் முகமட்டத்தில் அமர்ந்து, அது நோக்கும் பொருளை நாமும் நோக்கி, அதன் பெயரைக் கூறுதல் வேண்டும். அது கோழியை நோக்கினாற் கோழியைப் பற்றியே பேசுக. நாம் கற்பிக்க விரும்பும் நிறங்களைப் பற்றி அன்று. 'தா' என்றால் 'பால் தா' என ஒரு சொல் கூட்டிக் கூறுக. கேட்டபின் மறுமொழிக்குப் பத்தெண்ணும் அளவு காத்திருக்க. சொல், சொல் என்று நெருக்கற்க. குளிப்பாட்டும்போதும், கிணற்றடியிலும், கோயில் வீதியிலும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்க. சைகையும் படமும் காட்டிப் பழக்கினாற் பேச்சு வராது என்பது வீண் அச்சம். அவை பேச்சுக்குத் தடையல்ல, படிக்கட்டே. கைத்தொலைபேசியிற் படம் காட்டிச் சோறூட்டும் வழக்கம் மட்டும் விலக்கத்தக்க பத்தியமாகும். திரை பேசுகிறது, ஆனால் பிள்ளையின் மறுமொழிக்குக் காத்திருப்பதில்லை.

எந்தப் புதிய உணவோ மருந்தோ முன்வைக்கப்படினும் பெற்றோர் சில வினாக்களைக் கேட்டல் வேண்டும். இது எக்காரணத்தைக் குணப்படுத்துகிறது? அக்காரணம் என் பிள்ளையிடம் உளதெனப் பரிசோதித்தாயிற்றா? ஒப்பிடும் குழு வைத்துச் சோதித்தனரா? கூறுவோனே விற்போனுமா? எவ்வளவு காலத்துள், எதனை அளந்து, பயனில்லையென நிறுத்துவது? இறுதி வினாவே பெரிதும் மறக்கப்படுகிறது. முடிவுநாள் குறியாத சிகிச்சை பணத்தைமட்டுமன்றிப் பிள்ளைப் பருவத்தையும் உண்டுவிடும். இரண்டாண்டு பத்தியம் காத்தும், ஒருமுறையேனும் செவியைப் பரிசோதியாது, முதலாந் தரத்திற் பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோரை யான் அறிவேன். அவர்கள் அன்பிலும் முயற்சியிலும் குறைந்தவரல்லர். எதனை முதலிற் செய்வது என்று அவர்களுக்கு எவரும் எடுத்துக் கூறவில்லை.

அதனை எடுத்துக் கூறும் அமைப்பு எம்மிடம் இல்லாமலில்லை. இலங்கையிற் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வழங்கப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் வளர்ச்சிப்படிகள் குறிக்கப்பட்டுள்ளன. நிறையை மட்டும் பார்த்து மூடிவிடாது அப்பக்கங்களையும் குடும்பநல உத்தியோகத்தரோடு நிரப்புதல் வேண்டும். அரசினர் வைத்தியசாலைகளிற் சிறுவர் மருத்துவரையும் காது மூக்குத் தொண்டை மருத்துவரையும் கட்டணமின்றிக் காணலாம். கைதடி நவீல்ட் பாடசாலையும் கோண்டாவில் சிவபூமிப் பாடசாலையும் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கு ஆற்றும் பணி யாவரும் அறிந்தது. குறையாக நிற்பது தமிழிலே பயிற்சியளிக்கவல்ல பேச்சு மொழிச் சிகிச்சையாளரின் தொகையே. றாகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் இத்துறையிற் பட்டப்படிப்பு நடத்துகிறது. உயர்தர வகுப்பு மாணவர், மருத்துவமும் பொறியியலும் தவிர வேறு கல்வி இல்லையென்று எண்ணாது, இதனையும் நோக்குவாராக. பழைய மாணவர்கள் கட்டடங்களுக்கு உதவுவது போல, இக்கல்விக்கும் யாழ்ப்பாணத் தமிழுக்கேற்ற மொழிச் சோதனைகளை ஆக்குதற்கும் உதவுவாராயின் அது நிலைத்த அறமாகும். 1847 இல் இங்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் பயிற்றிய சாமுவேல் கிறீன், மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். மருத்துவ அறிவு தாய்மொழியிற் சென்றாலன்றி மக்களைச் சென்றடையாது என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். பேச்சுப் பயிற்சிக்கு அவ்வுண்மை இருமடங்கு பொருந்தும். அங்கே மொழி கருவிமட்டுமன்று, மருந்தும் அதுவே.

உணவு உடலை வளர்க்கும். உரையாடலே உரையை வளர்க்கும். முதலிற் செவியை அளந்து, காரணத்தை நாடி, உள்ள குறையை நிரப்பி, இல்லாத குறைக்குப் பத்தியம் விதியாது, நாடோறும் பிள்ளையோடு பேசும் இல்லம் செய்யத்தக்கதைச் செய்த இல்லமாகும். அதன்பின் மழலை விரைந்து வரினும், மெல்ல வரினும், சைகையாகவே நிற்பினும், அப்பிள்ளையைக் கேட்க ஒருவர் எப்பொழுதும் அருகிருப்பர்.